கதவு திறந்த பிறகு

சிவகுரு கை நீட்டுகிற ஆள் இல்லை என்றுதான் மேல் லைனில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவனும் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருந்தான். குடிக்க மாட்டான். மனைவி வனிதாவை ஒரு நாள் அதட்டிப் பேசியதில்லை. சேரம்பாடிக்கு மேலே, தேயிலையும் காடும் முட்டிக்கொள்கிற இடத்தில் இருக்கும் அந்த எஸ்டேட் லைன் வீடுகளில் எவனாவது பெண்டாட்டியைப் போட்டு அடித்தால், விலக்கிவிட அவனைத்தான் வந்து கூப்பிடுவார்கள். பேக்டரியில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை. லைனில் இளைஞர் மன்றத்துக்கு அவன்தான் செயலாளர்.

மன்றம் நடந்தது பழைய பிள்ளைக்காம்பராவில். பெண்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போவதற்காக எஸ்டேட் ஒரு காலத்தில் கட்டிய அறை அது. சிலோனிலிருந்து வந்த பெரியவர்கள் இன்னும் அதை அந்தப் பெயரால்தான் சொல்வார்கள். எஸ்டேட்டில் ஆள் குறைந்ததும் ஆயாவை நிறுத்தி அறையைப் பூட்டிவிட்டார்கள். பூட்டிக் கிடந்ததை மன்றத்துப் பையன்கள் திறந்து, வெள்ளையடித்து, கேரம் போர்டு போட்டு, டிவி மாட்டினார்கள். மாரியம்மன் பண்டிகைச் சாமான்களும் அங்கேதான் இருந்தன.

போன வருஷம் கீழ் டிவிஷனிலிருந்து மாலதி டீச்சர் மன்றத்துக்கு வந்தாள். அவள் அங்கன்வாடி டீச்சர். மேல் லைன் பிள்ளைகள் ஒன்றுகூட அவளுடைய மையத்துக்கு வருவதில்லை. வரவும் முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஓடை, ஓடையைத் தாண்டினால் யானைத் தடம்.

"இந்த ரூமைக் குடுத்தீங்கன்னா இங்கயே ஒரு சின்ன அங்கன்வாடி மையம் கேக்கலாங்க. எடம் இருக்குன்னு நீங்க சொன்னாப் போதும், மேல நான் பேசிக்கறேன்" என்றாள்.

சிவகுரு நாற்காலியில் சாய்ந்தபடி சொன்னான்: "நம்ம ஊட்டுப் புள்ளைகளைப் பாத்துக்க நமக்குத் தெரியாதுங்களா டீச்சர்? ஒரு பாக்கெட் சத்துமாவுக்காகப் புள்ளைகளைக் கொண்டாந்து இங்க அடைக்கணுமா?"

பையன்கள் சிரித்தார்கள். அவன் மகள் சக்திக்கு அப்போது இரண்டரை வயது. வனிதா வீட்டிலேயே இருந்ததால் பிள்ளை வளர்ப்பது என்பது தானாக நடக்கிற காரியம் என்று அவனுக்குப் பட்டிருக்க வேண்டும்.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. அடுத்த வீட்டில் இருந்த சுமலதா, தன் மகன் முத்துராஜைக் கட்டில் காலில் பழைய சேலையால் கட்டி வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். பிள்ளை அழுகிற சத்தம் கேட்டுச் சிவகுரு போய்ப் பார்த்தான். அவிழ்த்துவிடுவதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்தான். அதை லைன் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, 'இவள் தாயா, பேயா?' என்று எழுதினான். மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்தில் எல்லோரும் நிற்கும்போது அவளைக் கேள்வி கேட்டான்.

"யானை வர்ற ஓடைக்கு ரெண்டு தடவ எறங்கிப் போயிட்டான் அண்ணே. நான் வேற என்ன பண்ணுவேன்?" என்று அவள் அழுதாள்.

"புள்ளையக் கட்டிப் போட நாயாம்மா அது?" என்றான் சிவகுரு.

அதற்குப் பிறகு சுமலதா, தன் புருஷனுக்கு லீவு கிடைக்கிற நாளில் மட்டும் வேலைக்குப் போனாள். யாரோடும் அதிகம் பேசுவதில்லை. பார்த்தால் சிவகுருவுக்கு வழி விட்டு ஒதுங்கி நிற்பாள். தான் சொன்னது அவளுக்கு உறைத்துவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

இந்த வருஷம் ஆனி மாதம் மழை பிடித்துக்கொண்ட நாளில் வனிதாவுக்குக் காலும் முகமும் வீங்கின. இரண்டாவது பிள்ளை வயிற்றில். ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, பிரசவம் வரை இங்கேயே இருக்கட்டும் என்று ஊட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். துணைக்கு அவளுடைய அக்கா போனாள். லைனில் சிவகுருவும் சக்தியும் மட்டும் மிஞ்சினார்கள்.

கொழுந்து குவிகிற பருவம். பேக்டரியில் அவனுக்கு இரவு ஷிப்ட். இருந்த லீவை முதலிலேயே எடுத்துத் தீர்த்துவிட்டான். ராத்திரியில் சக்தி எதிர்வீட்டுத் தெய்வம்மாவோடு தூங்கினாள். விடிந்ததும் தெய்வம்மா பறிக்கப் போக வேண்டும். ஷிப்ட் முடிந்து வருகிறவன் பிள்ளையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான். அவன் தூங்க வேண்டிய நேரத்தில் அவள் விழித்துக்கொண்டிருப்பாள். "அப்பா, அம்மா எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பதில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினால் இமையை விரலால் பிரித்துப் பார்ப்பாள். கதவைத் தாழ் போட்டு, கையில் செல்போனைக் கொடுத்து, அரைத் தூக்கம் தூங்கி எழுந்து சமையல் செய்து மறுபடி ஷிப்டுக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஊட்டிக்குப் போய் வந்தான்.

யாரிடமாவது உதவி கேட்டிருக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் பகலெல்லாம் சுமலதா வீட்டில்தான் இருந்தாள். மாலதி டீச்சரிடம் சொன்னால் ஏதாவது வழி சொல்லியிருப்பாள். ஆனால் நம்ம பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நமக்குத் தெரியாதா என்று நாலு பேருக்கு முன்னால் கேட்ட வாயால், எனக்கு முடியவில்லை என்று எப்படிச் சொல்வது? ஆஸ்பத்திரியில் வனிதா கேட்டபோதுகூட, "அதெல்லாம் ஜாலியா இருக்கறோம்" என்றுதான் சொன்னான்.

அன்று காலையில் மழை கொட்டியது. படுத்தவன் எப்போது தூங்கினான் என்று தெரியவில்லை. மூக்கில் ஏறிய நாற்றத்தில் விழித்தான். கேஸ். சக்தி ஸ்டூலை இழுத்துப் போட்டு, அடுப்பு மேலிருந்த பாலை எடுக்க ஏறியிருந்தாள். பால் கொட்டியிருந்தது. அடுப்புத் திருகு திறந்து உஸ்ஸென்று சத்தம் வந்தது.

பாய்ந்து போய்த் திருகை மூடினான். சிலிண்டரை மூடினான். பிள்ளையைத் தூக்கிக் கட்டிலருகே விட்டான். கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டான். சாரல் உள்ளே அடித்தது, காற்று வந்தது, நாற்றம் குறைந்தது. அவ்வளவுதான், ஆபத்து போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் அவன் திரும்பி வந்தான். சக்தி கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "பசிச்சுதுப்பா" என்றாள். அவன் அவள் கன்னத்தில் ஒன்று வைத்தான். கட்டிலுக்கு அடியில் போகப் பார்த்தவளை ஒரு கையைப் பிடித்து வெளியே இழுத்தான். கை பிடுங்கிக்கொண்டு வருவதைப் போல் இருந்தது. பிள்ளை கத்திய கத்தலில் மழைச் சத்தம் அமுங்கிப் போனது.

விட்டதும் அந்தக் கை தொங்கியது. அவள் அதை அசைக்கவே இல்லை.

திறந்து கிடந்த கதவு வழியாகச் சுமலதா நனைந்துகொண்டே ஓடி வந்தாள். ஒரு பார்வைதான் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் பிள்ளையை வாரி எடுத்து, கை ஆடாமல் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஜீப்புக்கு ஆள் அனுப்புங்க. போங்க" என்றாள். முத்துராஜை, வேலைக்குப் போகாமல் ஆள் இருந்த ஒரு வீட்டில் விட்டுவிட்டு அவளே கூட வந்தாள். ஜீப்பில் பந்தலூர் ஆஸ்பத்திரி வரை சிவகுரு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை பக்கம் திரும்பவில்லை.

டாக்டர் சின்ன வயதுப் பெண். முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"எப்படி ஆச்சு?"

"கட்டில்லருந்து விழுந்துட்டாளுங்க டாக்டர்" என்றான் சிவகுரு.

டாக்டர் சக்தியின் கன்னத்தைப் பார்த்தாள். விரல் தடம் சிவந்து கிடந்தது. அவனிடம் மேலே ஒன்றும் கேட்காமல் குனிந்து, "நீ சொல்லு தங்கம். என்ன ஆச்சு?" என்றாள்.

சக்தி டாக்டரைப் பார்க்கவில்லை. முதலில் அப்பா முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "கட்டில்லருந்து விழுந்துட்டேன்" என்றாள்.

யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் முகத்தில் என்ன வேண்டியிருந்ததோ அதை வாசித்துச் சொல்லிவிட்டாள். சிவகுருவுக்குக் காது மடல் தீயாகச் சுட்டது. அடிபட்ட பிள்ளை அடித்தவனைக் காப்பாற்றுகிறது. இதை எந்த முகத்தோடு பார்ப்பது என்று தெரியாமல் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

டாக்டர் கையை மடக்கி ஒரு திருப்புத் திருப்பினாள். 'டக்' என்று மூட்டு இடத்தில் உட்கார்ந்தது. சக்தி அலறினாள், பிறகு மெல்ல விரலை அசைத்தாள். எலும்பு முறியவில்லை, வெளியே உட்காருங்கள், சற்று நேரம் பார்த்துவிட்டு அனுப்புகிறேன் என்றாள் டாக்டர்.

வராந்தா பெஞ்சில் பிள்ளை சுமலதாவின் மடியிலேயே தூங்கிப்போனாள். சிவகுரு தணிந்த குரலில், "கேஸ் தொறந்து கெடந்துச்சு சுமலதா. பயத்துல இழுத்துட்டேன்" என்றான்.

அவள் அவனைப் பார்க்காமலே சொன்னாள்: "கதவு தொறந்த சத்தம் முதல்ல கேட்டுச்சுண்ணே. ஜன்னல் தொறந்ததும் கேட்டுச்சு. அப்பறந்தான் புள்ள கத்துச்சு."

லைன் வீட்டுச் சுவர் அவ்வளவு மெல்லியது.

"நான் போட்டோ எடுக்க மாட்டேன்" என்றாள் அவள். "ஆனா டாக்டருகிட்ட நீங்க போயிச் சொல்லலைன்னா நான் சொல்லிருவேன். மூடி வெச்சு நாளைக்கு இந்தப் புள்ளைக்கு ஒன்னு ஆச்சுன்னா, அது என் தலையிலயும் விடியும்."

சிவகுரு எழுந்து உள்ளே போனான். நடந்ததை நடந்த வரிசையிலேயே சொன்னான். கதவைத் திறந்த பிறகுதான் அடித்தேன் என்பதையும் சொன்னான். டாக்டர் முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

"சொல்ல வேண்டிய எடத்துக்கு நான் சொல்லித்தான் ஆகணும். வந்து விசாரிப்பாங்க. அவங்ககிட்டயும் இதையே சொல்லுங்க. இன்னைக்குப் புள்ள யாருகிட்ட இருக்கும்?"

"எங்க ஊட்ல இருக்கட்டுங்க" என்றாள் வாசலில் நின்ற சுமலதா.

லைனுக்கு விசாரிக்க வந்தவள் ஜானகி என்று ஒரு அதிகாரி. குழந்தைகள் பாதுகாப்புக்காக மாவட்ட ஆபீசிலிருந்து வருபவள். வழி காட்ட மாலதி டீச்சரும் கூட வந்திருந்தாள். போலீசோடு வருவார்கள், கையைப் பிடித்து இழுத்துப் போவார்கள் என்று சிவகுரு எதிர்பார்த்திருந்தான். அப்படி நடந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஜானகி பாயில் உட்கார்ந்து, சக்தியோடு தனியாகப் பேசிவிட்டு, அவனைக் கூப்பிட்டாள்.

"பகல்ல புள்ளையை யாரு பாத்துக்கறாங்க?"

"யாருமில்லைங்க."

"யாருகிட்டயாவது கேட்டீங்களா?"

அவன் தலை குனிந்தான். மாலதி டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்றத்தில் தான் பேசியது அவளுக்கு நினைவிருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. அவள் அதைச் சொல்லிக் காட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அவள் சொல்லவில்லை.

"மறுபடி வந்து பார்ப்பேன். சொல்லாமத்தான் வருவேன்" என்றாள் ஜானகி. "இன்னொரு தடவை கை ஓங்கினீங்கன்னு தெரிஞ்சா இப்படி உக்காந்து பேசிட்டிருக்க மாட்டேன். வனிதா வர்ற வரைக்கும் பகல்ல புள்ளை சுமலதாகிட்ட இருக்கட்டும், அவங்க சரின்னுட்டாங்க. அதுக்கப்பறம் என்ன பண்ணலாம்னு இருக்கீங்க?"

"டீச்சர்..." என்று ஆரம்பித்தான் சிவகுரு. "அந்த ரூமு. குடுத்தர்றோங்க."

மாலதி டீச்சர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "உங்க ஒருத்தர் வார்த்தை போதாதுங்க. மன்றத்துல எல்லாருமே சரிங்கணும். லைன்ல அஞ்சு வயசுக்குக் கீழ எத்தனை புள்ளைக இருக்குன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

அவனுக்குத் தெரியவில்லை. பண்டிகை வரி கொடுக்காத வீடு எது என்று தெரியும். இது தெரியவில்லை.

ஞாயிறன்று ஊட்டிக்குப் போனான். வனிதா கட்டிலில் சாய்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்லச் சொல்ல உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"எந்தக் கை?" என்று மட்டும் கேட்டாள்.

"எடது."

ஆரஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு, "முடியலைன்னு என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள்.

"சொல்ல வெக்கமா இருந்துச்சு வனிதா."

"இப்ப?" என்று கேட்டுவிட்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவன் கிளம்பும்வரை இந்தப் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த வாரம் மன்றக் கூட்டம். பெண்களையும் கூப்பிடச் சொன்னான். சுமலதா கடைசியில் கதவோரமாக வந்து நின்றாள். அறையை அங்கன்வாடிக்குக் கொடுக்கலாம் என்று சிவகுரு சொன்னதும் நெல்சன் எழுந்தான். மன்றத்துக்கு டிவி வாங்க அலைந்தவன் அவன்.

"என்னண்ணே இது? நம்ம புள்ளைகளைப் பாத்துக்க நமக்குத் தெரியாதான்னு டீச்சரம்மாவைத் திருப்பி அனுப்பினதே நீங்கதானே?"

"நான்தான். எனக்குத் தெரியலைடா" என்றான் சிவகுரு.

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். பாதி பேருக்கு ஏற்கெனவே தெரியும். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் தன் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. அதனாலேயே அது அவன் நெஞ்சில் தைத்தது.

சிலோனிலிருந்து வந்த பொன்னுத்துரைப் பெரியவர் தடியைத் தரையில் தட்டினார். "இதெல்லாம் நாலு பேருக்கு மத்தியில கதைக்கிற விசயமாடா? ஊட்டோட வெச்சுக்கிற சங்கதி."

"ஊட்டோட வெச்சதுனாலதானுங்க இப்படி ஆச்சு" என்றாள் ராக்கம்மா என்கிற பெண். இரட்டைப் பிள்ளைக்காரி. "நானும் வெளிய பூட்டிட்டுத்தான் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போறேன். பறிக்கறப்ப எல்லாம் உசுரு இங்கயே கெடக்கும். திரும்பி வந்தா, அந்தப் பயத்துக்கும் சேத்து அதுகளுக்குத்தான் அடி." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நெல்சன் உட்கார்ந்துவிட்டான். டிவியை எங்கே வைப்பது என்று யாரோ கேட்டார்கள். கோயில் மண்டபத்தில் வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். பேச்சு அப்படி முடிந்தது.

எல்லோரும் கலையும்போது சிவகுரு சுமலதாவை நிறுத்தினான். "அன்னிக்கு உன்னைப் படம் எடுத்துப் போட்டேன். தப்பும்மா. மன்னிச்சுக்க."

"அந்தப் படம் எங்கம்மா ஊடு வரைக்கும் போச்சுண்ணே" என்றாள் அவள். "கூடலூர்ல எங்க நாத்தனார் ஊட்டுக்கும் போச்சு. நீங்க இன்னிக்குத் தப்புன்னு சொல்றது அங்கெல்லாம் போகாது."

சொல்லிவிட்டு அவள் நிற்காமல் போய்விட்டாள்.

மேலிடத்து ஆர்டர் வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்றாள் மாலதி டீச்சர். அதுவரை சும்மா இருக்க வேண்டாம், வாரத்தில் இரண்டு நாள் நானே ஏறி வருகிறேன், மற்ற நாளில் நீங்கள் முறை வைத்துக்கொள்ளுங்கள், எப்போதும் இரண்டு பேராக இருங்கள் என்றாள். பெண்கள் கூடி அறையைக் கழுவினார்கள். கேரம் போர்டைக் கவிழ்த்துப் போட்டு அதில் பிள்ளைகள் சுண்ணக்கட்டியால் கிறுக்கினார்கள். ஆம்பளைகளுக்கும் முறை உண்டு என்று ராக்கம்மா சொன்னபோது சிலர் சிரித்தார்கள். சிவகுரு சிரிக்கவில்லை. தனக்கு முறை போட வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தான். பிள்ளைகள் இருக்கிற அறையில் தன்னை யார் நம்புவார்கள்?

"அவருக்கும் போடுங்க" என்றாள் சுமலதா. "அவர் முறை வர்றப்ப நானும் கூட உக்காந்துக்கறேன்."

அந்த நாள் வந்தது. இரவு ஷிப்டிலிருந்து பகலுக்கு மாற்றிக் கேட்டு வாங்கி, வார ஓய்வு நாளில் போய் உட்கார்ந்தான். சுமலதா கதவருகே முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கண் அரிசியில் இல்லை, அவன் கையில் இருந்தது. அவள் பார்க்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். பார்க்கட்டும் என்றுதான் இருந்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் கோத்து வைத்துக்கொண்டான். சக்தி மற்ற பிள்ளைகளோடு அறையின் அந்தக் கோடியில் விளையாடினாள். அவ்வப்போது அவனை எட்டிப் பார்த்தாள். அருகே வரவில்லை. அவனும் கூப்பிடவில்லை.

கஞ்சி ஊற்றியபோது முத்துராஜ் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நேராக அவன் முன்னால் வந்து உட்கார்ந்தான். அவசரமாகக் குடித்து மூக்கு, வாய், கழுத்தெல்லாம் வழியவிட்டான். பிறகு துடைத்துவிடச் சொல்லி முகத்தை நீட்டினான்.

சிவகுரு தோளில் கிடந்த துண்டை எடுத்தான். எடுத்தவன் கையை நீட்டாமல் கதவுப் பக்கம் பார்த்தான். சுமலதா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முறம் அசையவில்லை. பிள்ளை முகத்தை நீட்டியபடியே காத்திருந்தது.

"மெதுவாத் தொடைங்க" என்றாள் அவள்.

அவன் துடைத்தான். அவள் பார்வையை எடுக்கவில்லை.